உப்புக் காற்றில் பழைய டிவி: ராமநாதபுரம் கடற்கரையில் செப்பனிடுவோருக்கான கேள்விகளும் பதில்களும்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையோரம் நெடுக, பரணிலும் திண்ணை அறையிலும் டியூப் டிவிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டிவி ரிப்பேர் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் வழிமுறைகளில் உப்புக்கு இடமே இருக்காது. நம் கரையிலோ பழுதுகளில் முதலாவது உப்புதான். அதைக் கழுவி எடுக்காமல் பார்ட் மாற்றினால் மாற்றிய பார்ட்டும் போகும்.

எந்தப் பெட்டியில் தொடங்கினால் நல்லது?

20 அல்லது 21 அங்குல கலர் டிவி. 1990களுக்குப் பிறகு வந்தது. பின்னால் மஞ்சள், வெள்ளை நிற ஏ.வி. துளைகள் உள்ளது. பார்ட்ஸ் கிடைக்கும், படம் கொடுப்பதும் எளிது. சாலிடேர், டயனோரா, கெல்ட்ரான், ஈ.சி. போன்ற பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் மனதுக்கு நெருக்கமானவைதான். ஆனால் அவற்றில் பல மாடல்களில் சேசிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) முழுவதும் நேரடியாக மெயின்ஸில் நிற்கும், தொட்டாலே ஷாக். அவற்றை இரண்டாவது, மூன்றாவது பெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பி.எல். 504, பி.ஒய். 88 போன்ற வால்வுகள் உள்ள பெட்டி கையில் இருந்தால், அனுபவம் வரும்வரை துணி போட்டு மூடி வையுங்கள்.

வாங்கும் முன் பின்மூடியின் துளை வழியாக டார்ச் அடித்து டியூபின் கழுத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும் ஒரு திட்டு இருக்க வேண்டும். அது கெட்டர், டியூபுக்குள் மிஞ்சும் காற்றை உறிஞ்சும் பூச்சு. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் டியூபுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எந்தச் செப்பனிடுதலும் பலிக்காது.

பத்து வருஷம் பரணில் இருந்தது. பிளக் போட்டு ஓடுகிறதா என்று பார்க்கலாமா?

கூடாது. இங்கே அதிகப் பெட்டிகள் சாவது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் பாம்பனிலோ மண்டபத்திலோ போர்டின் மேல் படிந்த உப்பு ஆண்டு முழுவதும் லேசாக ஈரமாகவே இருக்கும். ஈர உப்பு மின்சாரம் கடத்தும். 300 வோல்ட் ஓடும் இரண்டு பிரிண்ட் கோடுகளுக்கு (போர்டில் அச்சிட்ட செம்புக் கோடுகள்) நடுவே அப்படி ஒரு படலம் இருந்தால் கசிவு, பிறகு கருகல், பிறகு நிரந்தர ஷார்ட்.

உப்பு இருக்கிறதா என்பதை மீட்டரிலேயே பார்க்கலாம். பிளக் போடாமல், அடுத்த பதிலில் சொல்லும்படி சார்ஜை இறக்கிய பிறகு, மல்டிமீட்டரை 20 மெகா ஓம் அளவில் வைத்து, பார்ட்ஸ் வழியாகத் தொடர்பில்லாத இரண்டு பிரிண்ட் கோடுகளைத் தொடுங்கள். சுத்தமான போர்டில் எண்ணே வராது. உப்பு படிந்த போர்டில், அதுவும் விடிகாலையில், சில மெகா ஓம் காட்டும்.

டியூப் டிவிக்குள் கை வைத்தால் ஆளையே கொன்றுவிடும் என்கிறார்கள். உண்மையா?

ஒழுங்கு தெரியாமல் கை வைத்தால் உண்மை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். மூன்று இடங்கள்.

ஒன்று, டியூபின் ஆனோடு, அதாவது ஹை வோல்டேஜ் நுழையும் முனை. ரப்பர் தொப்பிக்குக் கீழே, 20 அங்குலக் கலர் பெட்டியில் 22 முதல் 26 கிலோவோல்ட் வரையும், சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் 10 முதல் 12 கிலோவோல்ட் வரையும் இருக்கும். டியூபே ஒரு பெரிய கண்டன்சர் என்பதால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சார்ஜ் நிற்கும். பல கலர் பெட்டிகளில் எஃப்.பி.டி.க்குள்ளேயே (ஹை வோல்டேஜ் தயாரிக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்) வடிகால் ரெசிஸ்டர் உண்டு. பழைய கறுப்பு வெள்ளையில் இல்லாததால் நாள்கணக்கில் நிற்கலாம்.

சார்ஜை இறக்கும் முறை: பிளக்கைப் பிடுங்குங்கள். டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சின் மேல் இழுத்துக் கட்டியிருக்கும் செம்புப் பின்னல் கம்பியில் ஒரு முதலைக் கிளிப்பை மாட்டுங்கள். கிளிப் வயரின் மறுமுனையை நீண்ட, நல்ல கைப்பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் மாட்டுங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியை ரப்பர் தொப்பியின் ஓரத்தில் நுழைத்து நடுவிலுள்ள கொக்கியைத் தொடுங்கள். 'டப்' என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் கண்ணாடியில் ஊறிய சார்ஜ் கொஞ்சம் திரும்பி வரும். கிளிப்பைப் போர்டின் எர்த்தில் மாட்டாதீர்கள். அந்தப் பாய்ச்சல் ஐ.சி.க்கள் வழியே போய் அவற்றைக் கொல்லும்.

இரண்டு, மெயின் ஃபில்டர் கண்டன்சர். 100 முதல் 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று எழுதிய பெரிய உருளை. அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். ஆளைக் கொல்வதில் ஆனோடைவிட இதுவே பெரிய ஆள். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களிலும் பத்து விநாடி பிடித்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் பிரிண்ட் பிய்ந்து தெறிக்கும்.

மூன்று, டியூபின் கழுத்து. மெல்லிய கண்ணாடிக் குழாய். சாக்கெட்டைக் கோணலாக இழுத்தால் ஒடியும். டியூபைத் தூக்கும்போது ஒருபோதும் கழுத்தைப் பிடிக்காதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

கரண்ட் ஓடும்போது உள்ளே அளக்க வேண்டியிருந்தால் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இல்லாமல் செய்யாதீர்கள். செருப்பு போட்டிருங்கள், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், மெயின் சுவிட்ச் எது என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ரோசின் உள்ள 60க்கு 40 ஈயக் கம்பி, டையோடு டெஸ்ட் உள்ள டிஜிட்டல் மீட்டர், ஒரு அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், சீரிஸ் பல்பு போர்டு (பெட்டிக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பு வழியே போகும்படி அமைத்த பலகை). அமிலப் பேஸ்ட் வேண்டாம். அது போர்டில் தங்கி, உப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும். பார்ட்ஸுக்கு ஊர்க் கடையில் கிடைக்காதபோது சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். பழைய பெட்டிகளின் போர்டுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு செத்த போர்டிலிருந்து காயில், ஹீட் சிங்க், சாக்கெட் என்று பாதிச் சாமான் தேறும்.

போர்டை எதால் கழுவுவது? பெட்ரோல், தின்னர், டபிள்யூ.டி. 40 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்றும் வேண்டாம். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கையும் காயில் பூச்சையும் கரைக்கும். டபிள்யூ.டி. 40 எண்ணெய்ப் படலம் விடும். அதன் மேல் அடுத்த வருஷத்துத் தூசியும் உப்பும் இன்னும் நன்றாக ஒட்டும்.

இன்னொரு தவறு பரவலாக நடக்கிறது: ஐசோபுரப்பைல் ஆல்கஹால் மட்டும் போட்டுத் துடைப்பது. அது ஃப்ளக்ஸையும் எண்ணெயையும் நன்றாக எடுக்கும். ஆனால் உப்பு அதில் கரையாது. பிரஷால் தேய்க்கும்போது இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் உப்பில்லாத தண்ணீர். நம் பக்கத்து போர்த் தண்ணீர் உவர். குழாய்த் தண்ணீரையும் நம்பாதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஒரு போர்டுக்கு ஒன்றரை லிட்டர் போதும்.

முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, கனெக்டர்களுக்கு அடையாளம் போட்டு, போர்டைத் தனியே எடுங்கள். பல்லி எச்சம், எறும்புப் புற்று, நூலாம்படை எல்லாவற்றையும் காய்ந்த பிரஷால் அகற்றுங்கள். பல்லி எச்சமும் அரிக்கும். காய்ந்து ஒட்டியிருந்தால் முதல் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்கள், சுரண்டினால் பிரிண்ட் வரும். பிறகு போர்டைச் சாய்த்துப் பிடித்து, 200 மில்லி அளவில் மேலிருந்து ஊற்றி, பிரஷால் கீழ்நோக்கித் தேய்த்து வடியவிடுங்கள். ஐந்து, ஆறு முறை. ஆர்.ஓ. வாட்டர்காரர்கள் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா கிடைத்தால் வடியும் நீரை அளந்து பாருங்கள்: முதல் தடவை நூற்றுக்கணக்கில் காட்டும், 50க்குக் கீழே இறங்கும்வரை தொடருங்கள்.

டியூனர் டப்பா (சேனல் பிடிக்கும் பகுதி), எஃப்.பி.டி.யின் அடிப்பகுதி, பவர் சுவிட்ச், ஐ.எஃப். காயில்களின் சிறு உலோக டப்பாக்கள், ப்ரிசெட்கள் (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்கள்) ஆகியவற்றின் மேல் ஊற்றாதீர்கள். அங்கே ஈரப் பிரஷ் மட்டும். உள்ளே புகுந்த தண்ணீர் லேசில் வெளியே வராது.

இப்போதுதான் ஆல்கஹாலின் வேலை. 200 மில்லி ஐசோபுரப்பைலை இரண்டு பாகமாக ஊற்றித் தேய்த்தால், மிச்சத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது. ஆல்கஹால் வாடை முழுவதும் போன பிறகு, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் போர்டை வைத்து, ஒரு அடி தள்ளி 40 வாட் இழை பல்பை எரியவிட்டு, கண் பார்வையில் இரண்டு நாள் காயவையுங்கள். மொட்டை மாடி வேண்டாம். கச்சான் காற்று வீசும் நாளில் வெளியே வைத்தால் கழுவிய உப்பு அன்றே திரும்பி வரும்.

செம்புக் கோடுகள் பச்சை பிடித்திருக்கின்றன. கழுவினால் போகவில்லை.

அது செம்பு அரித்து உண்டான உப்பு. ஆயிரம் நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துச் செம்பு தெரியவைத்து, ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் பூசுங்கள். கோடு அறுந்திருந்தால் மேலே ஒற்றைக் கம்பி ஜம்பர். வினிகர் ஊற்றச் சொல்வார்கள். அது பேட்டரி கசிந்த காரத்துக்கான வைத்தியம், இதற்குப் பொருந்தாது.

பெட்டி ஓடுகிறது, ஆனால் 'உஸ்' என்று இரைகிறது. இருட்டில் நீல ஒளி தெரிகிறது.

ஆனோடுத் தொப்பியைச் சுற்றி உப்பும் தூசியும் சேர்ந்து ஹை வோல்டேஜ் ஊர்கிறது. உடனே நிறுத்துங்கள். மேலே சொன்னபடி சார்ஜை இறக்கி, தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் கண்ணாடியையும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியாலும் பிறகு ஆல்கஹாலாலும் துடையுங்கள். கறுப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அது கண்டன்சரின் ஒரு தகடு. நன்றாகக் காய்ந்ததும் தொப்பியின் உதட்டில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். கொக்கியின் இரு கம்பிகளும் துளைக்குள் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பொறி எஃப்.பி.டி.யின் உடம்பிலிருந்தே வந்தால் அது வெடித்துவிட்டது; அரால்டைட் பூசிச் சில நாள் ஓட்டலாம் என்பார்கள், செய்யாதீர்கள்.

காலையில் போட்டால் படம் மங்கல், ஒரு மணி நேரம் ஓடினால் கூர்மை. டியூப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, டியூப் சாக்கெட்தான் காரணம். டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சிறு போர்டில், அதாவது கழுத்துப் போர்டில், ஃபோகஸ் முள்ளுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் அறை இருக்கும். அதற்குள் சிறிய ஸ்பார்க் கேப் (மிகை வோல்டேஜ் பொறியாகத் தாவ விட்ட இடைவெளி). ஈரமும் உப்பும் புகுந்து அதில் பச்சைப் பூஞ்சைபோல் அரிப்பு பிடிக்கும். ஆறு, ஏழு கிலோவோல்ட் ஃபோகஸ் வோல்டேஜ் அதன் வழியே கசிவதால் படம் கலங்கும். சூட்டில் ஈரம் காய்ந்ததும் சரியாகும். கடற்கரைப் பெட்டிகளுக்கே உரிய பழுது இது. நல்ல டியூபை 'வீக்' என்று தள்ளிவிடுவதற்கும் இதுதான் காரணம். சாக்கெட்டைச் சுத்தம் செய்வதில் நேரம் போக்காமல் புதிதாக மாற்றுங்கள். முள் அமைப்பும் கழுத்தின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும்; மெல்லிய கழுத்துக்கும் தடித்த கழுத்துக்கும் சாக்கெட் வேறு.

முதல் முறை கரண்ட் கொடுப்பது எப்படி?

சீரிஸ் பல்பு வழியாக. கலர் பெட்டிக்கு 100 வாட் இழை பல்பு, எல்.இ.டி. உதவாது. முன்பாக டீகாஸ் காயில் (டியூபைச் சுற்றியிருக்கும், காந்தத்தை நீக்கும் காயில்) கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் நல்ல பெட்டியிலும் பல்பு பளிச்சென்று எரிந்து குழப்பும்.

பல்பு ஒரு கணம் மின்னி, பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட்: பிரிட்ஜ் டையோடு, சப்ளை டிரான்சிஸ்டர் அல்லது ஐ.சி., மெயின் ஃபில்டர் ஆகியவற்றைப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் ஃப்யூஸ், சுவிட்ச், கார்டு. விட்டு விட்டு மின்னினால் சப்ளை தொடங்க முயன்று தடுக்கி நிற்கிறது; சில சப்ளைகள் 100 வாட் பல்பில் தொடங்காது, இரண்டு பல்புகளை இணையாகப் போட்டுப் பாருங்கள். நீண்ட நாள் கிடந்த கண்டன்சர்கள் மெதுவாக உயிர் பெறவும் இந்த முறை உதவும். மெயின் ஃபில்டர் சூடாகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிச் சார்ஜ் இறக்கிய பிறகே தொட்டுப் பாருங்கள்.

கழுவிக் காயவைத்தாயிற்று. இன்னும் 'டிக் டிக்' என்கிறது, படம் இல்லை.

ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள். எஃப்.பி.டி. பக்கத்தில் பெரிய ஹீட் சிங்க்கில் இருப்பது. பி.யூ. 508, டி 1555 வகை. போர்டில் இருக்கும்போதே அளந்து 'ஷார்ட்' என்று முடிவு கட்டாதீர்கள்: டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே இருப்பதால் அங்கே சைபர் காட்டும். கழற்றிய பிறகும், டி 1555 போன்றவற்றில் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருப்பதால் பேஸ்–எமிட்டர் இடையே 30 முதல் 50 ஓம் வரை வருவது இயல்பு. கலெக்டர்–எமிட்டர் இரு திசையிலும் சைபர் காட்டினால்தான் அது செத்தது.

செத்ததை மாற்றி உடனே ஆன் செய்தால் புதியதும் சாகும். ஏன் செத்தது என்று முதலில் பாருங்கள். டிரான்சிஸ்டர் இல்லாமலே, மெயின் சப்ளை அவுட்புட்டுக்கும் அதன் எர்த்துக்கும் குறுக்கே 60 வாட் பல்பு ஒன்றைச் சுமையாகப் போட்டு வோல்டேஜ் அளக்கவும். 20, 21 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் 103 முதல் 115 வோல்ட். உங்கள் போர்டில் அந்த இடத்திலேயே அச்சிட்டிருக்கும். 140, 150 என்று ஏறினால் சப்ளை கெட்டது. அடுத்து, கலெக்டரில் இருக்கும் டியூனிங் கண்டன்சர்: 1600 அல்லது 2000 வோல்ட் தாங்கும், நானோஃபாரட் அளவுள்ள பிலிம் கண்டன்சர். இதன் மதிப்பு குறைந்தாலோ கால் அரித்து அறுந்தாலோ ஹை வோல்டேஜ் தாறுமாறாக ஏறி டிரான்சிஸ்டரைத் துளைக்கும். ஏறிய வோல்டேஜில் டியூபிலிருந்து எக்ஸ் கதிர் கசிவும் கூடும். அதே மதிப்பு, அதே வோல்டேஜில் மட்டும் மாற்றுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் புது டிரான்சிஸ்டர் கொதித்தால் எஃப்.பி.டி. உள் ஷார்ட், அல்லது டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் காலில் டிரை சால்டர் (பிடிப்பு விட்ட ஈயப் பற்று). எஃப்.பி.டி., டிரைவர், யோக் (டியூபின் கழுத்தைச் சுற்றியுள்ள காயில்) கனெக்டர், வெர்டிகல் ஐ.சி. ஆகியவற்றின் கால்களைச் சுற்றி மோதிரம்போல் வெடிப்பு தெரியும். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் பழைய ஈயம் எடுத்துப் புதிதாகப் பற்ற வையுங்கள்.

திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

குறுக்குக் கோடு என்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி. உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பாஸ்பர் (திரையின் ஒளிரும் பூச்சு) கருகித் தழும்பு நிற்கும். வெர்டிகல் ஐ.சி.க்கு வரும் சப்ளை, அந்த வழியிலுள்ள ஃப்யூஸ் ரெசிஸ்டர், டிரை சால்டர், கடைசியாக ஐ.சி. இந்த வரிசையில் பாருங்கள். மேல்பாகம் மடங்கித் தெரிந்தால் ஐ.சி.யை ஒட்டிய 100 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டன்சர்தான் பெரும்பாலும் காரணம். நெடுக்குக் கோடு என்றால் ஹாரிசான்டல் யோக் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. யோக் கனெக்டரைப் பாருங்கள்.

எல்லா எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரையும் மாற்றிவிடலாமா?

மொத்தமாக மாற்றுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. முப்பது கண்டன்சர் மாற்றினால் இரண்டில் துருவம் மாறும், நான்கில் பிரிண்ட் பெயரும். சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பவற்றை முதலில் மாற்றுங்கள்: சப்ளை ஐ.சி.யைச் சுற்றியுள்ள சிறியவை, மெயின் சப்ளை அவுட்புட்டின் 100 மைக்ரோஃபாரட் 160 வோல்ட், கழுத்துப் போர்டுக்குப் போகும் 250 வோல்ட் வகை, வெர்டிகலின் 1000 மைக்ரோஃபாரட் 35 வோல்ட். 105 டிகிரி வகை வாங்குங்கள். மைக்ரோஃபாரட் அதேபோல், வோல்டேஜ் அதே அல்லது கூடுதல்.

டியூப் வீக் என்று எப்படித் தெரியும்?

படம் வர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். வெள்ளைப் பகுதிகள் வெள்ளி முலாம்போல் தட்டையாக மினுங்கும். காண்ட்ராஸ்ட் கூட்டினால் படம் கலங்கும். ஒரு நிறம் மட்டும் குறைந்தால் அந்த நிறத்துக்கான கேத்தோடு (எலக்ட்ரான் உமிழும் முனை) தளர்ந்திருக்கிறது. கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். கலர் பெட்டியில் அது எஃப்.பி.டி.யிலிருந்து வரும் அதிவேகத் துடிப்பு என்பதால் சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஹீட்டர் வழியில் உள்ள ரெசிஸ்டரின் கால் அரித்து மதிப்பு கூடியிருந்தாலும் இதே அறிகுறிதான். அதை அளக்காமல் டியூப்மேல் பழி போடக்கூடாது.

ஓரத்தில் பச்சை, ஊதாத் திட்டு தெரிகிறது.

டியூபின் உள்ளே இருக்கும் இரும்புச் சல்லடை காந்தமாகிவிட்டது. ஸ்பீக்கர் பாக்ஸைத் தள்ளி வையுங்கள், டீகாஸ் காயிலை மறுபடி மாட்டி, ஆன் செய்து, அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இரண்டு, மூன்று முறைக்கும் போகாவிட்டால் டீகாஸ் காயிலுக்குக் கரண்ட் விட்டு நிறுத்தும் மூன்று கால் பாசிஸ்டரை மாற்றுங்கள். கழுத்திலுள்ள காந்த வளையங்களையும் யோக்கையும் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் பெயின்டால் அடையாளம் போட்டுவிட்டுத் தொடுங்கள்.

மெக்கானிக் "சைனா போர்டு (எல்லா டிவிக்கும் பொதுவாக விற்கும் புதுப் போர்டு) போட்டுவிடலாம்" என்கிறார்.

பழைய போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தால் மட்டும். அப்போதும் யோக்கின் ஓம் மதிப்பு போர்டுக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் படம் குறுகும், டிரான்சிஸ்டர் கொதிக்கும். கழற்றிய அசல் போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அசல் போர்டு இல்லாத பெட்டி ஓடும், ஆனால் செப்பனிட்டது ஆகாது.

படம் எங்கிருந்து வரும்? ஆன்டெனாவில் ஒன்றும் இல்லையே.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி கிடைத்தது. பிறகு ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயர தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு இன்று ஏறக்குறைய முழுவதும் நின்றுவிட்டது.

ஏ.வி. துளை உள்ள பெட்டிக்கு டி.டி. ஃப்ரீ டிஷ் பாக்ஸின் ஏ.வி. அவுட்புட் நேராகப் போதும். மொபைல், கம்ப்யூட்டரிலிருந்து கொடுக்க எச்.டி.எம்.ஐ.–ஏ.வி. கன்வெர்ட்டர், அதில் உள்ள சிறு சுவிட்சை 'பால்' (PAL) பக்கம் வையுங்கள். 'என்.டி.எஸ்.சி.' (NTSC) பக்கம் இருந்தால் பழைய பெட்டிகளில் நிறம் வராது, படம் உருளும்.

ஆன்டெனாத் துளை மட்டும் உள்ள பெட்டிக்கு ஏ.வி.க்குப் பிறகு ஒரு ஆர்.எஃப். மாடுலேட்டர் (ஏ.வி. சிக்னலை டிவி சேனலாக மாற்றும் டப்பா) சேர்க்க வேண்டும். சேனல் 3 அல்லது 4. நம் முறையில் ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், வெளிநாட்டு 4.5 மாடுலேட்டரில் படம் வரும், சத்தம் இரைச்சலாக இருக்கும். தட்டை ரிப்பன் வயர் போகும் பழைய முனை 300 ஓம். இன்றைய கேபிள் 75 ஓம். நடுவில் ஒரு பாலுன் (இரண்டையும் பொருத்தும் சிறு இணைப்பான்) போடுங்கள். திருகு டியூனர் உள்ள பெட்டியில் சேனலைத் திருப்பும்போது படபடத்தால் உள்ளே கான்டாக்ட் கிளீனர் இரண்டு துளி விட்டு இருபது முறை திருப்புங்கள்.

ஷட்டர் கதவுள்ள மரப்பெட்டி இறுகிவிட்டது.

ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. சீவாதீர்கள், கோடையில் தளர்ந்துவிடும். ஷட்டர் ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கறையான் துளை இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் முழுவதையும் வெளியே எடுத்த பிறகே மருந்து அடியுங்கள். துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூக்களுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

சரிசெய்த பெட்டியை மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே ஏறும் சூடுதான் மருந்து. நைலான் கவர், பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஈரத்தை அடைத்து வைக்கும். பருத்தித் துணி போதும். கடல் பார்த்த ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவரில் வையுங்கள்.

எல்லா வேலையும் முடிந்து ஒரு மாதம் நன்றாக ஓடிய பிறகு போர்டின் அடிப்பக்கத்தில் அக்ரிலிக் லேக்கர் மெல்லியதாக இரண்டு பூச்சு அடிக்கலாம். கனெக்டர், ப்ரிசெட், ஸ்பார்க் கேப், டியூனர் ஆகியவற்றைக் காகித டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். உப்பைக் கழுவாமல் லேக்கர் அடிப்பது புண்ணை மூடித் தைப்பதுபோல, உள்ளே அரிப்பு தொடரும். இடி மின்னலில் பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் பிடுங்குங்கள்.

வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. ஸ்டெபிலைசர் வேண்டுமா?

டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை உள்ள கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு வேண்டும். கலர் பெட்டிகளின் சப்ளை பெரும்பாலும் 150 முதல் 260 வோல்ட் வரை தாங்கும்; பின்மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

டியூப் செத்துவிட்டது. என்ன செய்வது?

போர்டு, எஃப்.பி.டி., யோக், ஸ்பீக்கர், டீகாஸ் காயில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். யோக்கின் செம்புக்காகக் கடற்கரையில் போட்டு உடைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கலர் டியூபின் கூம்புக் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. உடைந்த சில்லிலிருந்து அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும், இங்கே கரைக்கு அடுத்தது மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும். டியூபை உடைக்காமல், கழுத்தைத் துணியால் சுற்றி, திரைப்பக்கம் கீழே இருக்கும்படி அட்டைப்பெட்டியில் வைத்து, அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் முழு டியூபாகவே கொடுங்கள்.